பாசிக்குடாவின் உயிர்க்கற்கள்

மட்டக்களப்பு என்ற பெயரைக் கேட்டதும் வாவியும் அதனுள் பாடும் மீனுமே எவர் மனத்திலும் முதலில் எழும். வடக்கே ஏறாவூரையும் தெற்கே கல்லாற்றையும் அண்டி, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு நாட்டை இரு கரைகளாகப் பகுத்து வைத்திருக்கின்றது. ஞாயிறு எழும் கடற்புறத்தை எழுவான்கரை என்றும், அது மறையும் வயற்புறத்தைப் படுவான்கரை என்றும் இவ்வூர் மக்கள் வழங்குவர். திசைக்கு இத்துணை அழகிய பெயர் சூட்டியவர்கள் வேறெங்கேனும் உளரோ என்று நாம் வியந்ததுண்டு.

நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறு நுனியைச் செவியில் வைத்தால், வீணையின் நரம்பை மெல்லத் தீண்டியது போன்ற நாதம் கேட்கும் என்பர். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் டெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி இந்த நாதத்தைத் தம் செவியால் கேட்டு நூலிலும் எழுதி வைத்தார். மீன் பாடுகின்றதா என்று அவர் வினவ, வலைஞர்கள் அவர் கையில் கொடுத்தது மீனையன்று, ஊரியை. ஓடு என்று நாம் காலால் தள்ளிவிட்டுச் செல்லும் பொருளினுள் ஓர் உயிர் ஒடுங்கியிருக்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஓடென்றும் கல்லென்றும் பாசியென்றும் தோன்றுபவை உண்மையில் யாவை என்னும் வினாவே எம்மை வாவியிலிருந்து வடக்கு நோக்கி அழைத்துச் சென்றது.

ஏனெனில் வாவிக்குள் முருகைக்கல் வளராது. முருகைக்கு உப்பு மிகுந்த, தெளிந்த, வெதுவெதுப்பான நீர் வேண்டும். மாரிகாலத்தில் படுவான்கரை வயல்களிலிருந்து வடியும் வெள்ளம் சேற்றோடு வாவியில் கலந்து, பாலமீன்மடுவில் முகத்துவாரத்து மணற்றிட்டை உடைத்துக்கொண்டு கடலை அடைகின்றது. அத்தகைய கலங்கல் நீரில் முருகை மூச்சடைத்து மாளும். ஆகவே அதைக் காண விரும்புவோர் திறந்த கடற்கரைக்கே செல்லுதல் வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து பாசிக்குடா ஏறக்குறைய 35 கிலோமீற்றர். ஏறாவூர், செங்கலடி, பல்கலைக்கழகம் அமைந்த வந்தாறுமூலை, முருகன் கோயிலால் புகழ்பெற்ற சித்தாண்டி, கிரான் ஆகிய ஊர்களைக் கடந்து வாழைச்சேனையை அடைந்தால், அங்கிருந்து கிழக்கே திரும்பும் பாதை கல்குடாவுக்கும் பாசிக்குடாவுக்கும் கொண்டு சேர்க்கும். புகையிரதத்தில் வருவோர் கல்குடா நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பனையும் வயலும் சந்தையுமாக வழி இனிதே கழியும்.

அடுத்தடுத்துக் கிடக்கும் இரு குடாக்களின் பெயர்களையும் வாசகர்கள் சற்று உற்று நோக்க வேண்டும். ஒன்று கல் குடா. மற்றொன்று பாசிக் குடா. கரையில் நின்று கடலைப் பார்த்த முன்னோர் நீருக்கடியில் கண்டவை கல்லும் பாசியும். கண்ணுக்குப் பட்டபடியே பெயரிட்டனர். ஆனால் பாசிக்குடாவின் ஆழமற்ற நீரில் முழங்காலளவுக்கு நடந்து சென்று குனிந்து பார்ப்பவர்க்கு வேறொரு செய்தி புலனாகும். கல்லென்று தோன்றுவது பல்லாயிரம் சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. ஒவ்வொன்றும் ஒரு வாயும் அதைச் சுற்றிய விரல்களும் கொண்ட பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசியுயிர்கள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவாக்கி வீட்டுக்காரனுக்கும் பங்கிடுகின்றன. திரண்ட முருகைக்கல் பல ஓர் ஆண்டில் ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. ஆகவே ஒரு முழ உயரக் கல் பல பத்தாண்டுகளுக்கு முன் அரும்பியதாக இருக்கலாம்.

முருகைக்கு ஒன்றுவிட்ட உறவுமுறையில் வேறொரு கூட்டமும் உண்டு. அது கல் வீடு கட்டுவதில்லை. சட்டைப் பொத்தான்களை நெருக்கி நெருக்கித் தைத்தாற்போல் பாறைமேல் படர்ந்து கிடக்கும். பழுப்பு, பச்சை, சில வேளை செம்மஞ்சள் என நிறம் பலவாகும். சில இனங்கள் மணற்றுகள்களைத் தம் தோலிலேயே பதித்துக்கொள்வதால் தொடுவதற்குச் சொரசொரப்பாக இருக்கும். விஞ்ஞானிகள் இவற்றை ஸோவாந்திட் என்பர். நாம் இக்கட்டுரையில் பொத்தானுயிர் என்றே வழங்குவோம். இந்து சமுத்திரத்திலும் பசுபிக் சமுத்திரத்திலும் வெப்பமான கரையோரங்களில் இவை பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுள் பலித்தோவா என்னும் இனத்தின் சில வகைகள் பலிடொக்சின் என்ற நஞ்சைத் தாங்கியிருக்கின்றன. இப்பெயரின் முற்பகுதி தமிழ்ச் செவிக்கு வேறொன்றை நினைவூட்டுவது தற்செயலே; எனினும் பொருத்தமற்றதன்று.

நாம் சென்ற அன்று வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார் நீராடிக்கொண்டிருந்தனர். பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் உள்ளங்கையளவு கல்லொன்றை எடுத்துக்கொண்டு தாயிடம் ஓடினான். கல்லின் ஒரு புறம் முழுவதும் பழுப்புப் பொத்தான்கள் பாதி மூடிய நிலையில் பளபளத்தன. தாய் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லா அவிச்சுக் கழுவினால் வெள்ளையாக வந்திடும். கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம்" என்றார். அருகில் படகைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். "பிள்ளை, அதை எடுத்த இடத்திலேயே விட்டிரச் சொல்லுங்க. அது கல்லில்லை, உயிர். தம்பியின்ற கையையும் நல்லாக் கழுவி விடுங்க" என்றார். அம்மையாரும் மறுக்காமல் கல்லை நீரில் விடச் செய்தார்.

அக்கல்லில் இருந்தது நஞ்சுடைய வகையா அன்றா என்று அங்கிருந்த எவராலும் கூறியிருக்க முடியாது. பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரு பொத்தானுயிர்களுள் ஒன்று கொடிய நஞ்சுடையதாகவும் மற்றது நஞ்சே அற்றதாகவும் இருக்கக் கூடும். அமெரிக்கத் தலைநகரமாகிய வாஷிங்டனைச் சுற்றியுள்ள மீன்தொட்டிக் கடைகளில் வாங்கிய மாதிரிகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2011ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சிலவற்றில் நஞ்சு இல்லை. சிலவற்றிலோ 1 கிராம் எடையில் 3 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட பலிடொக்சின் இருந்தது. புரத வகையைச் சாராத இயற்கை நஞ்சுகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்று இது என்பதை நினைத்தால் அவ்வளவு சிறிய எண்ணும் அச்சந்தரும்.

இந்நஞ்சு உலகுக்குத் தெரிய வந்த வரலாறு ஒரு பழங்கதையிலிருந்து தொடங்குகின்றது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மௌயியில், ஹானா என்னும் ஊர்ப் பக்கத்தில், மீன்பிடிக்கச் சென்றவர்கள் ஒவ்வொருவராகக் காணாமற் போயினராம். முதுகில் சுறாவின் வாயைக் கொண்ட ஒருவனே அவர்களை விழுங்கினான் என்று கண்ட ஊரார், அவனைக் கொன்று எரித்து, சாம்பலைக் கடலோரக் குட்டையொன்றில் எறிந்தனர். அக்குட்டையில் ஒரு 'பாசி' முளைத்தது. ஈட்டிமுனையில் அதைத் தேய்த்தால் பட்டவன் பிழையான். அதனை 'ஹானாவின் மரணப் பாசி' என்று வழங்கிய மக்கள், குட்டையைத் தீண்டுவது தீங்கு விளைவிக்கும் என்று விலக்கி வைத்தனர். 1961ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் ஆய்வாளர்கள் அவ்விலக்கையும் மீறி மாதிரியைச் சேகரித்தனர். அதே நாளில் அவர்களது கடலாய்வு நிலையத்தின் கட்டடம் தீக்கிரையாயிற்று. தற்செயல் என்று நாம் சொல்லுவோம். ஹானா முதியவர்கள் என்ன சொல்லியிருப்பர் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அம்மாதிரியை ஆராய்ந்தபோதுதான் அது பாசியன்று, பொத்தானுயிர் என்று தெரிந்தது. அங்கும் முன்னோர் கண்ணுக்குப் பட்டபடியே பெயரிட்டிருந்தனர். எங்கோ கிடக்கும் ஹானாவும் எமது பாசிக்குடாவும் ஒரே வகையில் ஏமாந்திருப்பது எமக்கு வேடிக்கையாகவே தோன்றுகின்றது. 1971இல் மூர், ஷொயர் என்னும் இரு இரசாயன அறிஞர்கள் நஞ்சைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டனர். அதன் அமைப்பை அறிய மேலும் பத்து ஆண்டுகள் சென்றன. ஒரே மூலக்கூறில் 129 கரியணுக்கள் கோத்த சங்கிலி அது. 1994இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக் கிஷி என்னும் யப்பானிய அறிஞரின் குழுவினர் அதனைச் சோதனைச்சாலையிலேயே ஆக்கிக் காட்டியது இரசாயன உலகின் பெரும் சாதனைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

நஞ்சு வேலை செய்யும் விதத்தை வயல் நிலத்தைக் கொண்டே விளக்கலாம். எம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் ஒருவகை இறைப்பு இயந்திரம் உண்டு. மூன்று பங்கு சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பங்கு பொற்றாசியத்தை உள்ளே எடுப்பது அதன் கடமை. நரம்பின் துடிப்பும் இதயத்தின் இயக்கமும் இந்த ஏற்றத்தாழ்வையே நம்பியிருக்கின்றன. பலிடொக்சின் அந்த இயந்திரத்தைப் பற்றிக்கொண்டு, அதனைத் திறந்த மதகாக மாற்றிவிடுகின்றது. உப்பு நீர் புகாதபடி காத்து நின்ற மதகு இரவோடிரவாகத் திறந்து கிடந்தால் படுவான்கரை வயலுக்கு என்ன நேருமோ, அதுவே உயிரணுவுக்கும் நேர்கின்றது. தோலிற் பட்டால் விறைப்பும் எரிவும் சிவப்பும் தோன்றும். கண்ணில் தெறித்தால் கருவிழி புண்படும். ஆவியாகவோ நுண்துளியாகவோ மூச்சில் சென்றால் இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், குளிர் நடுக்கம், தசை நோவு என்பன தொடரும். வாயில் உலோகச் சுவை தட்டுவதாகப் பலர் கூறியுள்ளனர். இதற்கென மாற்று மருந்து கிடையாது. தோன்றும் குறிகளுக்கு ஏற்ற சிகிச்சையே வைத்தியர்களால் செய்யக்கூடியது.

இனி அந்த அம்மையார் கூறிய 'அவித்துக் கழுவுதல்' என்னும் யோசனைக்கு வருவோம். அது அறியாமையில் பிறந்ததன்று. எம் கரையோரத்து மக்களின் அனுபவ அறிவில் பிறந்ததே. திருக்கை முள்ளோ கெளிற்று முள்ளோ தைத்தால் காலைத் தாங்கக்கூடிய வெந்நீரில் அமிழ்த்தி வைப்பது வலைஞரின் வழக்கம். வைத்தியர்களும் அதையே செய்கின்றனர். அந்த நஞ்சு புரத வகையைச் சேர்ந்தது, சூட்டில் சிதைந்துவிடும். ஆகவே கடல் நஞ்சுக்குச் சூடே மருந்து என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பேத்தை மீனை எத்துணை நேரம் கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு அழிவதில்லை என்பதையும் அதே வலைஞர் அறிவர். பலிடொக்சினும் அத்தகையதே. கொதிக்க வைப்பதால் அது அழியாது. கொதிநீரின் ஆவியோடும் துளியோடும் எழுந்து சமையலறையில் நிற்பவர் மூச்சில் கலக்கும். கையில் இருக்கும் வரை ஒருவருக்கே உரிய ஆபத்து, அடுப்பில் ஏறியதும் வீட்டார் அனைவர்க்கும் உரியதாகிவிடுகின்றது.

இது வெறும் ஊகமன்று. தம் மீன்தொட்டியில் வேண்டாமல் பெருகிய பொத்தானுயிர்களை ஒழிக்க எண்ணி அவற்றின்மேல் கொதிநீரை ஊற்றிய அமெரிக்கர் ஒருவர் சில நிமிட நேரத்துக்குள் நோயுற்ற செய்தி வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளது. அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன்தொட்டிக் கடைகளிலும் வீடுகளிலும் பலர் இவ்வாறே பாதிக்கப்பட்டனர். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட்ஷயரைச் சேர்ந்த ஸ்டீவன்டன் என்னும் ஊரில், 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொட்டியைத் துப்புரவு செய்த ஒரு குடும்பத்தாரும் அவர்களுக்கு உதவ வந்த தீயணைப்பு வீரர் சிலரும் ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேர்ந்தது.

மட்டக்களப்பு வாசகர்க்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளோ பேரர்களோ இருத்தல் இன்று சாதாரணம். அங்குள்ள இல்லங்களில் உப்புநீர்க் கண்ணாடித் தொட்டி வைத்திருப்போர் இருந்தால் இப்பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். தொட்டிக்கென வாங்கும் பாறைத்துண்டை அக்கடைக்காரர் 'உயிர்க்கல்' என்றே அழைப்பர். கேளாத விருந்தாளியாகப் பொத்தானுயிர் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனை ஒருபோதும் அவிக்கலாகாது. தும்புத் தூரிகையால் தேய்த்தல், நீரைப் பீய்ச்சி அடித்தல், வெளியே எடுத்துக் காயவிடுதல் ஆகியவையும் கூடா. கல்லைத் தொடவேண்டியிருப்பின் முழங்கை வரை நீண்ட இறப்பர்க் கையுறையும் கண்ணை மூடிய காப்புக் கண்ணாடியும் அணிதல் வேண்டும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்று அவ்வேலையைப் பிறரிடம் விடுவதே நன்று. வெட்டிப் பிரிக்கும் வேலையைச் சன்னல்கள் திறந்த இடத்தில், சிறுவரும் வளர்ப்புப் பிராணிகளும் இல்லாதபோது செய்யலாம். வெட்டும்போது சில இனங்கள் முகத்தை நோக்கிச் சாறு பீய்ச்சும் என்பதை மறக்கலாகாது. நீரை மாற்றும்போது இறப்பர்க் குழாயை வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கம் எம்மவரிடம் மிகுதி; பெற்றோல் எடுக்கும் அவ்வித்தையை இங்கே காட்ட வேண்டாம். பயன்படுத்திய கத்தியையும் வாளியையும் துணி வெளுக்கும் குளோரின் திரவம் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டுக் கழுவலாம். பாத்திரம் கழுவும் தொட்டியில் இவற்றைக் கழுவுதல் ஆகாது.

அப்படியும் தவறு நேர்ந்தால், மூச்சில் கலந்தவரை உடனே திறந்த வெளிக்கு அழைத்துச் செல்க. தோலைச் சவர்க்காரமும் நிறைந்த நீரும் கொண்டு கழுவுக. கண்ணில் பட்டால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் தூய நீரை ஓடவிட்டபின் ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே 'மீன்தொட்டியைக் கழுவினோம்' என்று மட்டும் சொன்னால் போதாது. சாதாரணக் காய்ச்சல் என்றே எண்ணப்பட்டு நேரம் வீணாகலாம். பொத்தானுயிர், பலிடொக்சின் ஆகிய சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வைத்தியர்க்குப் பேருதவியாகும்.

எம் நாட்டிலோ கடலிலிருந்து முருகையைப் பெயர்த்தெடுப்பதே குற்றம். சுண்ணாம்புக்காக முருகைக்கல்லைக் காளவாயிலிட்டு எரித்த காலம் ஒன்றிருந்தது. பழைய வீடுகள் பலவற்றின் வெண்மை அக்கல்லின் சாம்பலே. 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், கரையோர வலயத்தில் முருகை அகழ்வதைத் தடுத்த 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்கு முடிவு கட்ட எழுந்தவை. சட்டம் எழுதப்பட்ட பின்னரும் காளவாய்கள் ஒரே நாளில் அணைந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, தென்மேற்குக் கரையில் முருகை அகழப்பட்டிருந்த பெரேலிய கிராமம், பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையைவிட மிகக் கொடிய அழிவைக் கண்டது. பின்னர் அதனை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அலையைத் தடுத்திருக்க வேண்டிய மதில் அகற்றப்பட்டதைக் காரணமாகச் சுட்டினர். எமது பகுதியில் கல்குடாவுக்கு வடக்கே காயங்கேணியின் முருகைப் பாறைத் தொகுதி 2019இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது நற்செய்தி.

பாசிக்குடாவில் முருகையைக் காண விரும்பும் குடும்பத்தார் பங்குனி கடந்து புரட்டாதிக்கு முன் செல்வது உசிதம். வாடைக்காற்று வீசும் மாரிகாலத்தில் கடல் கலங்கிவிடும். அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகுகள் அங்கே கிடைக்கின்றன. அவற்றிலிருந்து பார்ப்பவர் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. நீரில் இறங்கி நடக்க விரும்புவோர் இறப்பர்ச் செருப்பு அணிந்து, மணல் தெரியும் இடத்திலேயே காலை ஊன்றுதல் வேண்டும். மேலாடை நனைந்தாலும் குற்றமில்லை. கச்சான் காற்று கிளம்பி நீர்ப்பரப்பைச் சுருக்குவதற்கு முன்னர், காலை ஒன்பது மணிக்குள் படகேறினால் அடித்தளம் கண்ணாடி போல் தெளிவாகத் தெரியும் என்று படகோட்டிகள் எமக்குக் கூறினர்.